வீட்டுத் துண்டு

இந்த நாற்காலியின் ஒரு கால் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் குட்டை. குறையாகச் சொல்லவில்லை. உட்கார்ந்ததுமே கவனித்தேன், அவ்வளவுதான். நீங்கள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தபோது ஒரு காகிதத்தை மடித்து அடியில் செருகிவிட்டேன். இனி ஆடாது. எனக்குப் பிறகும் யாராவது இதில் உட்கார்ந்து உண்மை பேச வேண்டியிருக்கும். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து யாரால் ஒழுங்காகப் பேச முடியும்?

நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் அழைத்து வரவில்லை. தட்டச்சு செய்கிறவர் இதை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் நல்லது. உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் நேற்றுக் கைக்கு வந்தது. இரண்டு முறை படித்தேன். நல்ல அறிக்கை. எழுத்துப் பிழை கிடையாது, படங்களுக்கெல்லாம் ஒழுங்காக எண் போட்டிருக்கிறீர்கள். இரண்டே இரண்டு திருத்தங்கள்தான். ஒன்று பெரியது, மற்றது சின்னது. சின்னதைப் போகும்போது சொல்கிறேன்.

பெரியது இதுதான். என்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஆய்வுக்கூடத் தலைவரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் உலோகத்தின் உள்ளே ஓர் அணு எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நகர்ந்தது என்று பார்த்தே தலை நரைத்தவன் நான். என்னைத் திருடன் என்று சொல்லுங்கள், அதைவிட மோசமாகக்கூடச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

உங்களுக்கு எங்கள் துறை புதிது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சூரியன் எரிகிற மாதிரியே அணுக்களை ஒன்றோடொன்று இணைத்து மின்சாரம் எடுக்கும் உலையைக் கட்ட வேண்டும் என்று உலகத்தில் பலர் முயல்கிறார்கள். உள்ளே அந்த நெருப்பை மூட்டுவது கடினம்தான். அதைவிடக் கடினம், அந்த நெருப்புக்கு முகம் கொடுத்துக்கொண்டு நிற்கப்போகிற சுவர். நெருப்பிலிருந்து நியூட்ரான்கள் வந்து சுவரை இடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இடியிலும் உலோகத்துக்குள் சில அணுக்கள் தம் இடத்தை விட்டு எகிறும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, எங்கள் துறையின் மொத்தப் பாடமும் அந்த ஒரு வரிதான். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள் கட்டிக்கொண்டு வீங்கும். வளைய வேண்டிய இடத்தில் ஒரு நாள் வளையாமல் பட்டென்று முறியும். எவ்வளவு அடிக்குப் பிறகு முறியும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் வேலை.

அப்படிப்பட்ட உலை இன்னும் வரவில்லை. அதனால் எங்கள் உலோகத் துண்டுகளை இப்போது இருக்கிற வேறு அணு உலைக்குள் அனுப்பி, ஒன்றிரண்டு வருஷம் அடிவாங்க விட்டு, திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். இதில் ஒரு முறை உண்டு. ஒரே கம்பியிலிருந்து இரண்டு துண்டு வெட்டுவோம். ஒன்று உலைக்குள் போகும். மற்றது என் மேசை இழுப்பறையில் பஞ்சில் சுற்றிச் சும்மா இருக்கும். போனதைப் போன துண்டு என்றும் இருப்பதை வீட்டுத் துண்டு என்றும் எங்கள் கூடத்தில் சொல்லுவோம். போன துண்டு எவ்வளவு கெட்டது என்பதை வீட்டுத் துண்டை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று வீட்டில் செய்தால் திட்டுவார்கள். ஆய்வில் அப்படிச் செய்யாவிட்டால்தான் திட்டுவார்கள்.

திரும்பி வந்த துண்டு சும்மா இருக்காது, அதுவே கதிர்வீச ஆரம்பித்திருக்கும். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்து இயந்திரக் கைகளால்தான் அதைத் தொடுவோம். ஆனால் இயந்திரக் கைக்கு முரட்டு வேலைதான் வரும். நுண்ணோக்கியில் வைக்க வேண்டுமானால், சட்டைப் பொத்தானில் கால்வாசி இருக்கும் வட்டத் தகடாக அதை வெட்டி, நடுப்பகுதி ஓட்டை விழுகிற கட்டம்வரை தேய்த்து மெலிதாக்க வேண்டும். ஒரு மூச்சு அதிகமாகத் தேய்த்தால் ஓட்டை பெரிதாகித் தகடு வீண். அதை மனிதக் கைதான் செய்ய வேண்டும், ஈயச் செங்கற்களை முன்னால் அடுக்கிக்கொண்டு, இடுக்கியால் பிடித்து. நான் செய்தால் பத்தில் ஒன்பது உடையும். என் கூடத்தில் இருந்த மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

என் மைத்துனன் செய்தால் உடையாது.

அவன் என் மனைவியின் தம்பி. தம்பி என்பதுகூடப் பேச்சுக்குத்தான், இருவரும் இரட்டைப் பிள்ளைகள். இவள் கொஞ்ச நேரம் முந்திப் பிறந்துவிட்டாள், அந்த உரிமையில் அவனை அதட்டுவாள். என் கூடத்தில் அவனுக்கு இடுக்கி என்றே பெயர். என் சிபாரிசில் வந்தவன் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள், அவன் முதல் தகட்டைத் தேய்த்துக் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பான், பேசிக்கொண்டே, நூலைப் பார்க்காமலே. அப்படி ஒரு கை.

சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் ஒரு வெள்ளை வில்லை. உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று வில்லைக்குத் தெரியும். மாதம் ஒருமுறை பாதுகாப்புப் பிரிவு அதை வாங்கி அளந்து பார்க்கும். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு, அதைத் தொட்டவரைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்துக் காகித வேலைக்கு உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஒரு வருஷம் பாதியிலேயே அவன் வரம்பை நெருங்கிவிட்டான். எங்கள் கலவை உலோகமும் வேறு இரண்டு கூடங்களின் உலோகமும் போட்டியில் இருந்த சமயம். எதைச் சுவராகக் கட்டுவது என்று ஒரு குழு முடிவு செய்யப் போகிறது. தேய்க்க வேண்டிய தகடுகள் பெட்டியில் காத்திருந்தன. அவன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அத்தான், இன்னும் கொஞ்சம் தகடுதான் பாக்கி. இப்போ போய் என்னைக் காகிதம் அடுக்க உட்கார வச்சா, அதையெல்லாம் யாரு தேய்ப்பா? நீங்களா?"

சிரித்துவிட்டோம். என் கையைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

"பேட்ஜை உங்க இழுப்பறையில வச்சுட்டுப் போறேன். இந்த ஒரு தடவைதான். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தோலை உரிச்சுடுவா."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். ஒரு பெரியவன் விரும்பிச் செய்கிற வேலையை வேண்டாம் என்று தடுக்க நான் யார் என்று தோன்றியது. சரி என்றேன். அறிக்கையில் நீங்கள் இதைப் பெரிய தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரிய தவறு அல்ல. இப்படி எத்தனையோ கூடங்களில் நடந்திருக்கும். இதற்குப் பின்னால்தான் நான் யோசித்துச் செய்தது எல்லாம் வருகிறது. அதைப் போய் நீங்கள் ஒரே வரியில் மறதி என்று முடித்துவிட்டீர்கள்.

அடுத்த வருஷம் அவன் பேட்ஜைக் கழற்றி வைக்கச் சம்மதிக்கவில்லை. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "இனிமே ஜாக்கிரதையா இருக்கணும் அத்தான், வரம்பு வந்தா நான் நிறுத்திக்கிறேன்" என்றான். நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை அப்படியே இருந்தது. தலைவன் என்ற முறையில் மாதா மாதம் வில்லைகளைக் கூட்டில் போட்டுக் கொடுப்பதும், மாதக் கடைசியில் எடுத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. அவனுடைய கூட்டில் வில்லையைப் போடாமல் மூடிக் கொடுத்தேன். கனம் வித்தியாசம் தெரியாது. அவன் அதைத் தினமும் குத்திக்கொண்டு போனான், ஒரு நாள்கூட மறந்ததில்லை. மாதக் கடைசியில், "உன் அளவு ரொம்பக் குறைவு, நிம்மதியா வேலை பாரு" என்று நானே வாயால் சொல்லுவேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஒருவனுடைய கவலையைப் போக்குவது சின்ன விஷயமில்லை.

அவனுடைய வில்லை சும்மா கிடந்தால் வேலைக்காகாது. இழுப்பறையில் கிடக்கும் வில்லைக்கும் மனிதர்களோடு புழங்கும் வில்லைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்று எனக்குப் பட்டது. எங்கே வைப்பது என்று நிறைய யோசித்தேன். கடைசியில் என் வீட்டு அடுக்களை ஜன்னலில், ஓர் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். வீட்டுக் காற்றைச் சோதிக்கும் கருவி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கேள்வி கேட்கவில்லை. என் வேலை சம்பந்தமான எதையும் அவள் கேட்பதில்லை. பாத்திரம் கழுவிய கையோடு அதையும் ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைக்கவே இல்லை, எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் தொங்கியது. அவன் வருகிற நாளில் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். அதிலும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதையெல்லாம் கவனக்குறைவானவன் செய்வானா?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அவன் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்துவிட்டால் வீடு கலகலப்பாகிவிடும். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிப்பார். சில சமயம் யாருமே முடிக்க மாட்டார்கள், பாதியிலேயே இருவருக்கும் புரிந்து சிரிப்பு வந்துவிடும். நான் எதிரே உட்கார்ந்து அந்த வாக்கியத்தின் மீதிக்குக் காத்திருப்பேன். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, உங்களுக்குச் சொன்னா புரியாது" என்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இதைச் சொல்வதால் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமைப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை. அவர்கள் சிரிக்கும்போது நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த யோசனை வந்தது.

ஒரே கம்பி. இரண்டு துண்டு. ஒன்று தினமும் உள்ளே போகிறது. மற்றது என் வீட்டில் இருக்கிறது.

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயத்தால் இல்லை. இவ்வளவு நாள் கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கத்தால்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, வருஷா வருஷம் இருவரையும் எனக்குப் பழக்கமான ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு ஊசி என்றால் பயம். கதிர்வீசும் தகட்டை விளையாட்டாகப் பிடிக்கிறவன், ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வான். "உங்க அத்தானுக்கு நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருடா, நீ ஏன் இப்படி நெளியுற" என்று அவள் அதட்டுவாள். அக்கறை என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

இரட்டையர் என்றாலும் ஆணும் பெண்ணும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்கிற மாதிரி, இவர்கள் உடம்பு எவ்வளவு தூரம் ஒன்று என்று நிச்சயமாகத் தெரியாமல் ஒப்பிடுவது அரைகுறை வேலை. அதனால் முதல் தடவையே வழக்கமான பரிசோதனையோடு கொஞ்சம் ஆழமான ஒன்றையும் செய்யச் சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஒத்துப்போனார்கள். ஒரே கம்பி என்று கூசாமல் சொல்லலாம்.

பிறகு வந்த வருஷங்களில் வீட்டுத் துண்டு அப்படியே இருந்தது. போன துண்டின் ரத்த அணுக்களின் எண்ணிக்கையில் மெல்ல மெல்ல இறக்கம் தெரிந்தது. யாருக்கும் தெரியாத இறக்கம், மருத்துவர்கள் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. எத்தனையோ நாள் அடிவாங்கிய உலோகத்தைப் பார்த்திருக்கிறேன். அடிவாங்கிக்கொண்டிருக்கும்போதே, சிரித்துப் பேசிக்கொண்டே, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னை நீங்கள் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கக்கூடும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடிபட்ட உலோகத்தைச் சூடாக்கிக் கொஞ்ச நாள் அப்படியே விட்டால், எகிறிப்போன அணுக்களில் பாதிக்குமேல் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். ஆறவிடுவது என்போம். அவனையும் நான் ஆறவிட்டேன். வலுக்கட்டாயமாக விடுப்புக் கொடுத்து, மனைவி குழந்தையோடு கடற்கரை ஊருக்கு அனுப்பினேன், வெயிலில் நன்றாகக் கிட என்று. போவதற்கு முன்னும் வந்த பின்னும் ரத்தம் எடுத்தேன். கொஞ்சம் ஏறியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவன் எனக்குச் சங்குகளால் செய்த ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்திருந்தான். இப்போதும் அதில்தான் என் வீட்டுச் சாவி இருக்கிறது. இரண்டாம் தடவை அனுப்பியபோது ஏறவில்லை. உலோகத்துக்கும் உடம்புக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அது ஒரு தகவல்தான், தோல்வியில்லை.

நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எதற்காக? ஏறவில்லை என்பதற்காகப் பாதியில் உலையிலிருந்து துண்டை வெளியே எடுப்பார்களா? அதுவரை வாங்கிய அடியெல்லாம் வீணாகிவிடுமே.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஊசியையும் நூலையும் அவனிடம் நீட்டினாள். அவன் பேசிக்கொண்டே கோத்தான். போகவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் கோத்தான். அப்போதும் போகவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது அவன் கை நடுங்கியதை அவள் பார்த்தாள். முழங்கைக்கு மேல் நீலம் பூத்திருந்ததையும் அவள்தான் பார்த்தாள்.

"எங்கடா இடிச்சுக்கிட்ட?"

"எங்கயும் இடிக்கலையே."

அந்த வாரமே ஒரு தகட்டை உடைத்தான். கூடத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உடைத்து யாரும் பார்த்ததில்லை. அவன் என் அறைக்கு வந்து, "மன்னிச்சுக்குங்க அத்தான்" என்றான். பரவாயில்லை என்றேன், உண்மையிலேயே பரவாயில்லை. அதற்கு முந்திய வாரம்தான் குழு எங்கள் உலோகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவன் தேய்த்த தகடுகளின் படங்களைத்தான் எல்லாக் கூட்டத்திலும் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். அவ்வளவு அடிக்குப் பிறகும் முறியாத உலோகம் என்று பாராட்டினார்கள். நான் மேடையில் அவன் பேரைச் சொல்லி நன்றி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்றார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னதும் உங்கள் பாதுகாப்பு அதிகாரி அம்மாவுக்குத் தகவல் போயிற்று. அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். கூடத்திலேயே உங்கள் அளவுதான் எல்லாரையும்விடக் குறைவு, வாசலில் உட்கார்ந்திருக்கும் வரவேற்பாளர் வாங்கியதைவிடக் குறைவு, பேட்ஜைக் குத்திக்கொள்வீர்களா என்று கேட்டார்.

"ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு தடவை கழட்டி வச்சேன், அதுக்கப்புறம் ஒரு நாள்கூடக் கழட்டினதில்லை மேடம். சட்டை அங்கதான் தொங்குது, பாருங்க."

அவர் கூட்டைத் திறந்தார். காலி. உள்ளே இருக்க வேண்டியது இதுதான் என்று, தன் பேட்ஜைத் திறந்து வெள்ளை வில்லையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதுவா? இது எங்க அடுக்களை ஜன்னல்ல தொங்குதே."

சாதாரணமாகத்தான் சொன்னாள், தொலைந்த கரண்டியைப் பார்த்தவள் மாதிரி. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மட்டும் அதிகாரியைப் பார்த்து, "அத்தானுக்குக் கொஞ்சம் மறதி மேடம். வேலை அப்படி. மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பார்" என்றான்.

அந்தச் சொல் உங்கள் அறிக்கைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு அவன் கொடுத்த வாக்குமூலம். நல்ல மனசு. ஆனால் நல்ல மனசு அளவுகோல் ஆகாது. அவன் எனக்காகச் சொன்ன பொய்யை நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

என் மனைவி அன்று வீட்டுக்கு வந்து அடுக்களை விளக்கைப் போட்டாள். ஆணியையும் நூலையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தனை வருஷமா என் அடுக்களையை அளந்து பார்த்துட்டுத்தான், அவன் நல்லா இருக்கான்னு அவன்கிட்டயே சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதுதான் என் வழக்கம். அவள் அழவில்லை. தன் துணிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள், அங்கேதான் இருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை தோன்றியது, அவள் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமும் உன்னை ஒரு தூசு அண்ட விடாமல் பார்த்துக்கொண்டேன், கூடத்தின் வாசலைக்கூட நீ மிதிக்க விட்டதில்லை, அந்தக் கவனத்தை நினைத்துப் பார் என்று. எந்தக் கணவன் தன் மனைவியை அப்படிப் பார்த்துக்கொண்டான்?

ஆகவே கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு 'தெரிந்தே, திட்டமிட்டு, பல வருஷங்கள் தவறாமல்' என்று எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது திருத்தம் சின்னது என்றேனே, அது அதே பக்கத்தில் கீழே இருக்கிறது. ஆஸ்பத்திரித் தகவல் என்று போட்டு, 'நோயாளியின் உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தவில்லை. வெளியே தேடல் நடக்கிறது. அதிகக் காலம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பகுதி தவறு. பொருந்தும். நன்றாகவே பொருந்தும். உடன்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அப்படி அமையுமாம். முதல் வருஷமே ஆழமாக ஒன்றைப் பார்க்கச் சொன்னேன் என்றேனே, அது இதுதான். அப்போதிருந்தே எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி எப்படித் தவறாகச் சொன்னது என்று கேட்பீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பரிசோதனையை வெளிக்கூடத்தில் செய்ய வேண்டும் என்று, அவளிடம் எடுத்த ரத்தக் குழாயை வீட்டார் கையில்தான் கொடுத்து அனுப்பினார்கள். வில்லை விஷயம் வெளியே வருவதற்கு முந்திய வாரம் அது, என்னைவிட நம்பகமான ஆள் அவர்களுக்கு யார் கிடைப்பார்கள்? வழியில் அவள் பெயர்ச் சீட்டை என் ரத்தக் குழாயில் ஒட்டிக் கொடுத்தேன். என் ரத்தம் அவனுக்கு எப்படிப் பொருந்தும்? மைத்துனனுக்காக ரத்தம் கொடுத்தேன் என்று ஒரு விதத்தில் சொல்லலாம்.

காரணம் உங்களுக்கே புரிந்திருக்கும். அவளுடைய மஜ்ஜையை எடுத்து அவனுக்குள் ஏற்றினால், அவன் உடம்பில் அவளுடைய ரத்தம் ஊற ஆரம்பித்துவிடும். அதற்குமேல் எதை எதோடு ஒப்பிடுவது? இத்தனை வருஷ வேலை ஒரே நாளில் குழம்பிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம், முறிகிற இடம்வரை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அறிக்கை பிழையோடு போகக் கூடாது என்பதால்தான் இப்போதே சொல்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? தட்டச்சு செய்கிறவரும் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடுவதானால் போடுங்கள், நான் காத்திருக்கிறேன், நாற்காலி இப்போது ஆடவில்லை. ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் இருவரிடமும் ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்து, பெயர்ச் சீட்டைச் சரிபார்த்து, எனக்காகப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் யாரும் கவனக்குறைவாக இருந்துவிடக் கூடாது.